துணையைக் கூட்டி வாருங்கள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கச்சிமாரே, தம்பிமாரே, ஊசி போடவும் இரத்தம் எடுக்கவும் நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதெல்லாம் என்னை விட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்களில் ஒருவர் போன் எடுத்து, "அக்கா, உங்கட காலத்தில நடந்ததுகளை எங்களுக்கு எழுதித் தாங்கோவன்" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நடந்ததை வெளியில் சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. ஆகையால் பெயரையும் வேறு சிலதையும் மாற்றித்தான் சொல்கிறேன். யாராவது வாசித்துவிட்டு "இது இன்னார்தானே" என்று கண்டுபிடித்தால், அது அவரில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் வேலை செய்கிறவருக்கு ஊரில் கூட்டம் சேராது. மற்ற வாட்டுத் தாதிமார் சந்தைக்குப் போனால், "மிஸ், என்னைத் தெரியுதோ? என்ட மகனை நீங்கள்தானே பார்த்தனீங்கள்" என்று நாலு பேர் மறித்துக் கதைப்பார்கள். எங்களைக் கண்டால் ஆள் மீன்கடைக்குப் பின்னால் ஒளிப்பார். நாங்களும் அவரைத் தெரியாதவர் போல வாழைப்பழச் சீப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். இப்போது ஓய்வு பெற்றுப் பாலையூற்றில் இருக்கிறேன். கல்யாண வீட்டுக்காரர் என் வீட்டுப் படலையைத் தாண்டித்தான் மற்ற வீடுகளுக்கு அழைப்புக் கொண்டுபோகிறார்கள். எனக்குக் கவலை இல்லையா என்று கேட்டால், சில பின்னேரங்களில் இருக்கிறது. அதை ஏன் மறைப்பான்.

எங்கள் கிளினிக் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், கடலைப் பார்த்தபடி இருந்தது. வெளியே, காத்திருப்பவர்கள் இருக்க ஒரு நீட்டு வாங்கு. அதில் வந்து இருக்கிற எல்லாருக்கும் திடீரென்று கடலில் பெரிய அக்கறை வந்துவிடும். துறைமுகத்துக்குள் எந்தக் கப்பல் வருகிறது, எது போகிறது என்று கண் எடுக்காமல் பார்ப்பார்கள். பக்கத்தில் இருப்பவரை ஒருவரும் பார்க்க மாட்டார். பார்த்தால் தெரிந்தவராக இருந்துவிடும் என்ற பயம்.

நான் சொல்ல வந்த காலத்தில் ஒரு இளம் சிங்கள டொக்டர் எங்களிடம் வந்திருந்தார். தங்கமான பிள்ளை. நோயாளிகளோடு அவர்களுடைய மொழியிலேயே கதைக்க வேண்டும் என்று வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர். என்ன, அவருடைய தமிழ் ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கும். "தாங்கள் அமருங்கள்" என்பார். கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு தாத்தா அதைக் கேட்டுத் திரும்பி, தனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் நிற்கிறாரா என்று பார்த்தார்.

எங்கள் வேலையில் வாய் கூசும் இடம் ஒன்று உண்டு. வந்திருக்கும் பெண்ணிடம், அவளோடு உறவு வைத்த ஆளையும் கூட்டி வரச் சொல்ல வேண்டும். அவருக்கும் மருந்து கொடுக்காவிட்டால் இவளுக்குக் கொடுத்தது வீண். ஆனால் எந்தச் சொல்லால் சொல்வது? "புருஷன்" என்றால் கல்யாணம் ஆகாதவளுக்குச் சுடும். "காதலன்" என்றால் கல்யாணம் ஆனவளுக்கு அடி விழுந்த மாதிரி. டொக்டர் யோசித்து யோசித்து ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்திருந்தார். துணை. ஒருவரையும் நோகடிக்காத சொல். நானும் நல்ல சொல் என்றுதான் நினைத்தேன்.

நிரோஷா என்று வைத்துக்கொள்வோம். மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை. தாய் தகப்பன் இல்லை. விரும்பிக் கல்யாணம் செய்து இறக்கக்கண்டியில் புருஷன் வீட்டுக்கு வந்தவள். புருஷனுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. வயிற்றில் பிள்ளை. கர்ப்பிணித் தாய்மாருக்கு வழமையாகச் செய்யும் இரத்தச் சோதனையில் சிபிலிஸ் என்று வந்து எங்களிடம் அனுப்பப்பட்டிருந்தாள்.

அன்றைக்குத் தனியாக வந்தாள். வயிறு தெரியாமல் இருக்கக் கைப்பையை முன்னால் பிடித்தபடி கதிரையின் நுனியில் இருந்தாள். டொக்டர் எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொன்னார். இது மாறக்கூடிய வருத்தம், மூன்று கிழமை ஊசி, கிழமைக்கு ஒரு நாள், இடையில் விட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத ஆளைக் கண்டால் நீங்கள் பயப்பட வேண்டும். விளங்கவில்லை என்று அர்த்தமில்லை. கேட்டுப் பழக்கமில்லை என்று அர்த்தம்.

முதல் ஊசி அன்றே போட்டோம். போகும்போது டொக்டர் சொன்னார்: "அடுத்த கிழமை வரும்போது உங்கள் துணையையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். அது மிகவும் முக்கியம்."

"ஓம் டொக்டர்" என்றாள்.

அடுத்த கிழமை சொன்ன நாளில் வந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய மனுஷி. நல்ல உடம்பு, கருவாட்டு வாசம், கையில் பிளாஸ்டிக் கூடை, கூடைக்குள் தேத்தண்ணிப் போத்தலும் பணிசும். மாமியார். அந்த வாங்கில் கடலைப் பார்க்காமல் இருந்த ஒரே ஆள் அவதான். எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த மனிதரிடம், "தம்பி, உமக்கு என்ன வருத்தம்? இது என்ன கிளினிக்?" என்று கேட்டா. அந்த மனிதர் எழும்பிப் போனவர் போனவர்தான். திரும்பி வரவில்லை.

உள்ளே டொக்டர் நிரோஷாவிடம் சிரித்த முகத்தோடு கேட்டார்: "துணை வந்திருக்கிறாரா?"

"ஓம் டொக்டர். வெளியில இருக்கிறா."

"மிக்க மகிழ்ச்சி. உள்ளே வரச் சொல்லுங்கள்."

கதவு திறந்தது. கூடையோடு மாமி வந்து நின்றா. டொக்டர் புருஷனுக்குச் சொல்லவென்று ஆயத்தப்படுத்தி வைத்திருந்த பேச்சு வாயோடு நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் நிரோஷாவைப் பார்த்தேன். அவளோ, சொன்னதைச் சரியாகச் செய்துவிட்ட பிள்ளையைப் போல எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் ஊரில் துணை என்றால் என்ன? கிணற்றடிக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, இருட்டில் வெளியே போக, ஒரு பெண்ணோடு கூடப் போகிற ஆள். "துணைக்கு ஆரையும் கூட்டிக்கொண்டு போ" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆஸ்பத்திரி டொக்டர் துணையைக் கூட்டி வரச் சொன்னால், மூதூர்ப் பிள்ளை வேறு யாரைக் கூட்டி வருவாள்?

இப்படியான நேரத்தில் மூன்று வழிகள் உடனே தெரியும், மூன்றும் பிழை. மாமியை வெளியே போகச் சொன்னால் சந்தேகம் மரமாக வளரும். இரத்தம் குறைவு என்று பொய் சொன்னால், அந்தப் பொய்யை வீட்டில் காப்பாற்ற வேண்டியவள் அந்தப் பிள்ளை. உண்மையைச் சொல்லவோ எனக்கு உரிமை இல்லை. நான் நேரத்தைத்தான் எடுத்தேன். "நிறை பார்க்க வேணும், வாங்கோ பிள்ளை" என்று நிரோஷாவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனேன். டொக்டரை மாமியிடம் விட்டுவிட்டுப் போனேன். அவருக்கு நோயைப் பற்றிக் கதைக்கத் தமிழ் இருந்தது. மாமியாரைச் சமாளிக்கிற தமிழை எந்த வகுப்பிலும் படிப்பிப்பதில்லை.

தராசில் ஏறி நின்றவளிடம் மெதுவாகச் சொன்னேன்: "பிள்ளை, டொக்டர் துணை எண்டு சொன்னது உங்கட அவரை."

அவள் முகத்தில் குழப்பம் வந்தது. கொஞ்சம் யோசித்தாள்.

"அவரையோ?" என்றாள். "அவரை எப்பிடி மிஸ் துணை எண்டுறது?"

நிறை எழுத எடுத்த பேனையைக் கீழே வைத்தேன்.

"அவர் வருவார், போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார், படுப்பார், வேலைக்குப் போவார். குறை சொல்லேல்ல மிஸ், அடிக்கிறேல்ல, குடிக்கிறேல்ல. என்னோட கதைக்கிறது மாமி மட்டும்தான். மீன் வெட்டேக்க, உடுப்புத் தோய்க்கேக்க, ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பா. டொக்டர் துணை எண்டு கேட்ட உடன எனக்கு அவவின்ர முகம்தான் வந்தது."

தங்கச்சிமாரே, அதுவரை நான் இதைச் சொல்லில் வந்த பிழை என்றுதான் நினைத்திருந்தேன். அவள் பிழையே விடவில்லை. துணை யார் என்று கேட்டதற்கு யோசித்து, உண்மையான மறுமொழியைச் சொல்லியிருக்கிறாள். தராசின் முள்ளைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"மாமிக்கு என்ன வருத்தம் எண்டு தெரியுமோ?"

"தெரியாது. சொல்லாதேங்கோ மிஸ்." என் கையைப் பிடித்தாள். "சொன்னா என்னைத்தான் பிழை எண்டுவா. அவர் அவவின்ர பிள்ளை. வீட்டை விட்டு இறக்கினாலும் பரவாயில்லை, எங்கயும் போய் இருப்பன். அவவும் கதைக்காம விட்டா எனக்கு ஆர் மிஸ்?"

திரும்பி வந்தபோது டொக்டருக்கு வேர்த்திருந்தது. மாமி கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து விசாரணை நடத்திக்கொண்டிருந்தா.

"பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் குறைவெண்டால் குளிசைதானே தருகினம். இது என்ன ஊசி? எல்லாத் தாய்மாருக்கும் போடுறதோ?"

"இது... குழந்தையின் பாதுகாப்புக்காக, அம்மா" என்றார் டொக்டர், நாலாம் முறையோ ஐந்தாம் முறையோ.

மாமி என்னைப் பார்த்தா. நான் எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"எல்லாருக்கும் இல்லை அம்மா. தேவைப்படுற ஆக்களுக்கு. ஏன் எண்டு என்னட்டக் கேளாதேங்கோ, நான் சொல்லமாட்டன். உங்களுக்கெண்டு இல்லை, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நாளைக்கு நீங்களே வந்து ஒரு வருத்தம் சொன்னாலும் உங்கட மருமகளுக்குச் சொல்லமாட்டன்."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தா. "வாய்க்காரிதான்" என்றா. அதற்குமேல் கேட்கவில்லை. ஊசி ஏறும்போது மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "கத்து பிள்ளை, கத்தினா நோகாது" என்றா. பிறகு வாங்கில் இருத்திப் பணிசைப் பிய்த்துக் கொடுத்தா. நிரோஷா சாப்பிட்டாள். அந்த இரண்டு பேரையும் பார்க்கச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது. மூன்றாம் ஊசிக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது, புருஷனோ வந்தபாடில்லை.

மூன்றாம் கிழமையும் இரண்டு பேரும்தான் வந்தார்கள். மாமி கூடை கொண்டுவரவில்லை. வாங்கில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தா. இது என்ன கிளினிக் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அல்லது யாரும் சொல்லாமலே விளங்கியிருக்கிறது.

ஊசி போட்டு முடிந்தது. டொக்டர் கை கழுவப் போய்விட்டார். மாமி எழும்பவில்லை.

"மிஸ், நான் என்ன வருத்தம் எண்டு கேக்கேல்ல. ஒண்டு மட்டும் கேக்கிறன். ஆம்பிளைக்கும் போடவேணுமோ?"

கேள்வி சின்னது. ஓம் என்று நான் சொன்னால் எல்லாம் சொல்லியாயிற்று. இல்லை என்று சொன்னால் அந்த ஆள் ஒருநாளும் வரமாட்டார், பிள்ளை பிறக்க முன் இவளுக்குத் திரும்பவும் தொற்றும். தெரியாது என்று சொல்வது, மாமி அவ்வளவு தூரம் இறங்கி வந்து கேட்டதற்கு முகத்தில் அடிப்பது. வெளியே ஒரு கப்பல் ஊதியது ஞாபகம். நான் நிரோஷாவின் பக்கம் திரும்பினேன்.

"பிள்ளை, மாமி ஒரு கேள்வி கேட்டவ. மறுமொழி உங்கட. சொல்ல விருப்பமெண்டால் சொல்லுங்கோ. இல்லாட்டி நாங்கள் மூண்டு பேரும் எழும்பிப் போவம், இந்தக் கதை இதோட முடிஞ்சுது."

அவள் சேலை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன அறையில் அவ்வளவு தனியாக ஒரு ஆள் இருந்து நான் கண்டதில்லை. பக்கத்தில் நான் இருக்கிறேன், மாமி இருக்கிறா, ஒருவராலும் உதவ ஏலாது.

"ஓம் மாமி" என்றாள் கடைசியில். "அவருக்கும் போடவேணும்."

மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பிறகு என்னைப் பார்த்து, "ஆரால வந்தது?" என்றா.

"அதை எந்தச் சோதனையும் சொல்லாது அம்மா. எனக்கும் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லமாட்டன். ஆரால எண்டு தேடுற நேரத்தில பேரப்பிள்ளையைத்தான் நாங்கள் துலைப்பம்."

மாமி எழும்பினா. மருமகளைப் பார்க்காமல், "பஸ் போயிடும்" என்றா. முந்தின கிழமை போலக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகவில்லை. முன்னால் அவ நடக்க, பின்னால் இவள் போனாள்.

இரண்டு நாளில் புருஷன்காரன் வந்து நின்றான். தலை குனிந்தபடி, "அம்மா அனுப்பினவ" என்றான். "ஊசி போட்டிட்டு வந்தால்தான் கோப்பையில சோறு போடுவன் எண்டிட்டா." தாயின் சோற்றுக்குப் பயந்து வந்தவன் ஒரு ஊசியையும் தவறவிடவில்லை. நாங்கள் படித்த ஆலோசனை முறைகள் எல்லாம் அந்தச் சோற்றுக் கோப்பையிடம் தோற்றன.

பிள்ளை சுகமாகப் பிறந்தது. பெண்பிள்ளை. இரத்தம் பார்த்தோம், பயமில்லை. டொக்டர் அன்று எல்லாருக்கும் சொந்தக் காசில் கேக் வாங்கித் தந்தார், ஏன் என்று ஒருவருக்கும் சொல்லாமல். துணை என்ற சொல்லை மட்டும் அவர் பிறகு எடுக்கவில்லை. "உங்களோடு உறவு வைத்தவர்" என்று நீட்டிச் சொல்வார், சொல்லும்போது காது சிவக்கும். நானோ அந்தச் சொல்லை விடவில்லை. வேறு கேள்விக்கு வைத்துக்கொண்டேன். வருகிற ஒவ்வொரு பெண்பிள்ளையிடமும் தனியாகக் கேட்பேன்: உங்களுக்குத் துணை ஆர்? பலர் மேசையைப் பார்ப்பார்கள். மேசையைப் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் கூடுதலாக நேரம் ஒதுக்க வேண்டும். நீங்களும் கேளுங்கள்.

அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு நிரோஷா தனியாகத்தான் வந்தாள்.

"மாமி எப்படி?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கிறா. பத்தியக் கறி வைச்சுத் தந்தவ. பிள்ளையைக் குளிக்க வார்க்கிறது அவதான். எனக்கு ஒரு குறையும் விடேல்ல மிஸ்." கையை நீட்டினாள், நான் இரத்தம் எடுத்தேன். "கதைக்கிறேல்ல. அண்டையிலிருந்து கதைக்கிறேல்ல. பிள்ளையோட கதைப்பா. நான் உள்ள போனா நிப்பாட்டிடுவா."

எங்கள் கணக்கில் எல்லாம் சரி. தாய்க்கு ஊசி, தகப்பனுக்கு ஊசி, பிள்ளை சுகம். அவள் எதை இழக்கப் பயந்தாளோ அதை மட்டும் இழந்துவிட்டாள், அதுவும் என் முன்னால் வாய் திறந்து. மறுமொழியை அவளிடம் விட்டது சரியா? இன்றைக்குக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் சரியானதைச் செய்தால் மனம் ஆறும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் பல நாள் ஆறாமல் திரிந்தேன்.

பரிசோதனைகள் முடிந்தன. இனி வரத் தேவையில்லை என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். அவள் "ஓம்" என்று போனாள். அதோடு அவளும் சந்தையில் எனக்கு முகம் திருப்பும் ஆட்களில் ஒருத்தியாகிவிடுவாள் என்று நினைத்தேன்.

கொஞ்சக் காலம் போன பிறகு ஒருநாள் மத்தியானம், கிளினிக் முடிந்து நான் சாப்பிட எழும்பும் நேரம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவில் நின்றாள். எனக்குப் பயம் பிடித்தது. திரும்பவும் ஏதோ என்று நினைத்தேன்.

"என்ன பிள்ளை, என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை மிஸ்."

"பிறகு ஏன் வந்தனீங்கள்?"

"மாமிதான் அனுப்பினவ."

நான் அவளை உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினேன். பிள்ளை என் மேசையிலிருந்த பஞ்சை இழுத்தது.

"கதைக்கத் தொடங்கிட்டாவோ?"

"இல்லை மிஸ். காலமை பிள்ளையை வாங்கி உடுப்புப் போட்டவ. பிறகு என்ட மடியில திருப்பி வைச்சிட்டு, பஸ்ஸுக்குக் காசு தந்தவ. என்ட முகத்தைப் பாக்காமத்தான் சொன்னவ." நிரோஷா, மாமி சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்: "'என்னால இன்னும் ஏலாமக் கிடக்கு. நீ போய் அந்த வாய்க்காரி மிஸ்ஸோட கொஞ்ச நேரம் கதைச்சிட்டு வா.'"

நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திரும்ப மூடி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் கதைக்கத் தொடங்கினாள்.